க குற்றவாளி ஆகார்

ஜூன் 3

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் வரி இந்தக் கடிதத்தில் இல்லை. தேடாதே.

நேற்று உங்கள் சட்டமன்ற ஆய்வுப் பிரிவிலிருந்து வழக்கமான பொட்டலம் வந்தது. புதுச் சட்டப் பக்கங்கள். வழக்கம்போல் சட்டத் தொகுதியின் வளையத்தை விரித்து, செத்துப்போன பக்கத்தை உருவிவிட்டு, புதுப் பக்கத்தைச் செருகிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வேலையை மட்டும் நான் குமாஸ்தாவிடம் கொடுப்பதில்லை. ஒரு பக்கம் மாறிப்போனால் கோர்ட்டில் இல்லாத சட்டத்தை வைத்துக்கொண்டு வாதாட வேண்டி வரும். ஒரு தடவை வாதாடியிருக்கிறேன். நீதிபதி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

நேற்றும் கேட்டது. கட்டடப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 22, அதன் கீழே எடுத்துக்காட்டு:

‘க என்பவர் ஒரு வழக்கறிஞர். தன் வீட்டு மாடிப்படியில் மூன்றாம் படி உடைந்திருப்பதை அறிவார். க-வின் தந்தை, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், அதில் கால் இடறி விழுகிறார். படியைச் சரிசெய்ய ஆள் வந்துகொண்டிருப்பதாக க நல்லெண்ணத்துடன் நம்பியிருந்தார். க குற்றவாளி ஆகார்.’

வக்கீல். மூன்றாம் படி. ரிடையர்டு கண்டக்டர். இன்னும் என் சட்டை அளவைத்தான் போடவில்லை.

பிரிவு என்ன சொல்கிறது என்று படிக்கிறவனுக்குப் புரியட்டும் என்றுதான் எடுத்துக்காட்டு போடுகிறார்கள். அதில் வருகிற ‘க’ ஊர் பேர் இல்லாதவன். அந்த மரியாதையாவது அவனுக்கு உண்டு. நீ அவனுக்கு என் வீட்டைக் கொடுத்திருக்கிறாய். போன தடவை வந்தபோது அந்தப் படியைக் காட்டி, “அப்பா விழணும்னு காத்துக்கிட்டிருக்கியா?” என்று கேட்டவள் நீதான். அதோடு விட்டாயா? “உனக்கு அப்பா வேணாம்டா, அப்பாவை வச்சுப் பாத்துக்கறேன்ங்கற பேருதான் வேணும்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய். அது போதாதென்று மாநிலம் முழுக்க அச்சடித்து அனுப்புகிறாயா?

ஆமாம், அப்பா போன மாதம் விழுந்தார். முட்டியில் வீக்கம், அவ்வளவுதான். உன்னிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

ஃபோன் செய்யாதே. வீட்டு ஃபோனைப் பிடுங்கிவிட்டேன். மணி அடித்தால் பஸ் பெல் என்று நினைத்து, “இறங்குறவங்க எல்லாம் முன்னாடி வாங்க” என்று அப்பா வாசலுக்கு ஓடுகிறார். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது.

தம்பி


ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் நான் நலம். உன்னை வம்புக்கு இழுப்பதற்காகத்தான் சட்டமன்றத்தில் அத்தனை பேர் மைக் முன்னால் உட்கார்ந்து கை தூக்குகிறார்கள் என்று நினைத்தாயே, உன் தன்னம்பிக்கையை மெச்ச வேண்டும்.

அப்பா விழுந்தது உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். வேறு யாரும் சொல்லவில்லை. ஆபீஸ் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன். பெற்ற மகளுக்கு ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை, பார்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது உனக்கு எப்போதுமே குழப்பம். மசோதா எழுதுவது சட்டத் துறை. நிறைவேற்றுவது மன்றம். பக்கத்து மாநிலங்களில் இதே மாதிரி சட்டம் என்ன ஆயிற்று என்று தேடிக் கொடுப்பது எங்கள் வேலை. நிறைவேறியது அச்சுக்குப் போகும்முன் வரிக்கு வரி ஒத்துப்பார்ப்பதும், பிறகு உன்னைப் போன்றவர்களுக்கு அனுப்பிவைப்பதும் எங்கள் வேலை. ஒரு சொல் சேர்க்க எனக்கு உரிமை கிடையாது. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தச் சீட்டு எழுதலாம். அதிலும் எங்கள் பிரிவுத் தலைவர் கையெழுத்து வேண்டும். அவர் கால்புள்ளியைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே கமா ஐயா.

இருந்தாலும் உன் கடிதம் மனதை அரித்தது. பிரிவு 22-ன் மூலக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். மன்றத்தில் வைத்த பிரதியில் எடுத்துக்காட்டு ஒரு கடைக்காரரையும் அவர் கடையின் பெயர்ப்பலகையையும் பற்றியது. நிறைவேறிய பிரதியிலும் அதே கடைக்காரர். அச்சில் நீ. ‘ஒத்துப்பார்க்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான், தம்பி. சத்தியமாக நான் படித்தபோது அங்கே கடைக்காரர்தான் இருந்தார்.

இந்தப் பொட்டலத்திலும் ஒன்று இருக்கிறது. குடிநீர்ச் சிக்கனச் சட்டம், பிரிவு 9:

‘க-வின் தந்தை குழாயை மூட மறப்பவர். எனவே க குளியலறைக் கதவுக்கு வெளிப்புறம் தாழ்ப்பாள் பொருத்துகிறார். ஒரு பிற்பகலில், தந்தை உள்ளே இருப்பதை அறியாமல் தாழிட்டுவிட்டு வெளியே செல்கிறார். க குற்றவாளி ஆகார்.’

உன் வீட்டுக் குளியலறைக்கு வெளியே தாழ்ப்பாள் இருக்கிறதா? பூசி மெழுகாமல் பதில் எழுது.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

உன் பொட்டலம் வந்த அன்று குளியலறைக்கு வெளியே தாழ்ப்பாள் கிடையாது. படித்துவிட்டுச் சிரித்தேன். “அக்கா இந்தத் தடவை குத்துமதிப்பா அடிச்சு மாட்டிக்கிட்டா” என்று என் மனைவியிடம் சொல்லிக்கூடக் காட்டினேன்.

நான்கைந்து நாள் கழித்து அப்பா குழாயைத் திறந்து விட்டுவிட்டு வந்துவிட்டார். தண்ணீர் கீழ்வீட்டுக் கூரை வழியாக இறங்கி அவர்கள் மெத்தையை நனைத்தது. கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து கத்திய கத்தலில் என் மனைவி அழுதுவிட்டாள். நான் உடனே போய் ஆசாரியைக் கூட்டிவந்து தாழ்ப்பாள் போடச் சொன்னேன். அவர் கடைசித் திருகாணியை முடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன செய்கிறேன் நான்? அப்போதே கழற்றச் சொல்லியிருக்கலாம். “எதுக்குங்க போட்டதைக் கழட்டச் சொல்றீங்க?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? சட்டத்தில் போட்டிருக்கிறது என்றா?

இரண்டு நாள் நாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். மூன்றாம் நாள் மத்தியானம், அப்பா கட்டிலில் போர்த்திப் படுத்திருக்கிறார் என்று நினைத்துத் தாழிட்டுவிட்டுக் கட்சிக்காரரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் இருந்தது போர்வை மட்டும்.

திரும்பி வந்து திறந்தால், உள்ளே நின்றுகொண்டு சுவரில் உள்ள ஓடுகளுக்கெல்லாம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. என்னைப் பார்த்து, “உள்ள போங்க சார், நடுவுல காலியா இருக்கு” என்றார். அக்கா, நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ எழுதவில்லை என்றால் நம்புகிறேன். கோபம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் இது யார்? அடுத்தது என்ன? அச்சுக்குப் போகும்முன் நீ பார்ப்பாய்தானே? பார்த்துச் சொல்.

தம்பி


ஜூன் 29

தம்பிக்கு,

அச்சகத்தில் தட்டச்சு அம்மா என்று ஒருவர் இருக்கிறார். ஓய்வு வயது தாண்டியும் அவர் இல்லாமல் அங்கே ஒரு காகிதம் நகராது. பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்: “எடுத்துக்காட்டெல்லாம் யாரும்மா எழுதறாங்க?”

கையிலிருந்த டீயை ஓரமாக வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “உன் வீடு வந்துடுச்சா?” என்றார்.

தலையாட்டினேன்.

“அது யாரும் எழுதறது இல்லைம்மா. வரும். எல்லாச் சட்டத்துலயும் வராது. வந்தா யாரோ ஒருத்தர் வீடா இருக்கும். படிக்கிறவங்களுக்கு அது வெறும் ‘க’. அந்த வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும்.”

“எடுத்துட்டா?”

“நானும் எடுத்துப் பாத்தேன். அடுத்த அச்சு மெய்ப்புல திரும்ப வந்து உக்காந்திருக்கும். அதுக்கு ஒரு ஆள் வேணும். ஆளை மாத்தினா மட்டும் அடங்கும்.”

அவர் ஒரு முறை மாற்றியிருக்கிறார். ‘கணவர்’ என்று இருந்த இடத்தில் ‘குடியிருப்பவர்’ என்று போட்டிருக்கிறார். அவர் கணவர் இன்றைக்கும் தெம்பாகக் காய்கறி வாங்கப் போகிறார். அவர் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருந்தவர் என்ன ஆனார் என்று கேட்டேன். அவர் டீயை எடுத்துக் குடித்தார். கிளம்பும்போது மட்டும், “நல்ல பையன்” என்றார்.

மேஜைக்குத் திரும்பினால் காணாமற்போனோர் சட்டத்தின் மெய்ப்பு காத்திருந்தது. பிரிவு 14. ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்:

‘மழை பெய்கிறது. க-வின் தந்தை வீட்டுக்கு வெளியே நின்று கதவைத் தட்டுகிறார். தந்தை உள்ளே உறங்குவதாகவும், கேட்கும் ஓசை வாசலின் தகரக் கூரைமேல் விழும் மழையின் ஓசை என்றும் க நல்லெண்ணத்துடன் நம்பி, கதவைத் திறக்காதிருக்கிறார். தந்தை அதன்பின் எங்கும் காணப்படவில்லை. க குற்றவாளி ஆகார்.’

உன் வீட்டு வாசலில் தகரக் கூரை கிடையாது. அதை நினைத்துத்தான் மூச்சு விடுகிறேன். யார் சொன்னாலும் போடாதே. முடிந்தால் அப்பாவை இங்கே அனுப்பிவிடு. நான் இருப்பது பெண்கள் விடுதிதான், ஆண்களை விட மாட்டார்கள். தெரியும். வேறு அறை பார்க்கிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு.

இந்தச் சட்டத்துக்கு இன்னும் ஆளுநர் ஒப்புதல் வரவில்லை. வந்ததும் கடைசி மெய்ப்பு என்னிடம்தான் வரும்.

அக்கா


ஜூலை 7

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முந்தைய நாள் வீட்டுச் சொந்தக்காரர் ஆள் அனுப்பி வாசலுக்குத் தகரக் கூரை அடித்துவிட்டுப் போனார். நான் கேட்கவில்லை. “மழைக்காலம் வருதுல்ல, நல்லதுக்குத்தான் சார்” என்றார். கடிதத்தைப் படித்ததும் போய்க் கெஞ்சினேன். கழற்ற முடியாது என்றுவிட்டார். தகரத்தைப் பார்த்து இவ்வளவு பயப்படுகிற வக்கீலை அவர் பார்த்ததில்லையாம்.

செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறேன். வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும். சாவி என் கழுத்தில் தொங்குகிறது. அழைப்பு மணியையும் கழற்றிவிட்டேன். அது அடிக்கும்போதெல்லாம் அப்பா கிளம்பிவிடுகிறார். இந்த வீட்டில் இனி எந்த மணியும் ஒலிக்காது.

ஆனாலும் அவர் வாசலில்தான் நிற்கிறார். பூட்டிய கதவைப் பார்த்து நின்றுகொண்டு, “ஓசி டிக்கெட் ஏறிட்டாளா?” என்று கேட்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் நீ அவர் பஸ்ஸில் ஏறி ஊர் சுற்றுவாயே, அந்த நினைப்பு. நீ ஏறாமல் விசில் கொடுக்க மாட்டார், டிரைவர் கத்தினாலும் சரி. இப்போது அதே பிடிவாதம். “ஏறிட்டாப்பா” என்று சொல்லிப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். பொய் டிக்கெட்டை அவரிடம் காட்ட முடியுமா?

அக்கா, ஒன்று கேட்கிறேன், என்னைத் திட்டாதே. ஆளை மாற்றினால் அடங்கும் என்றாயே. மாற்றிவிடு. ‘அயலார்’ என்று போட்டுவிடு. எதிர்வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். கேட்பாரில்லை. நான் யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்த வரிகளை அடிக்கவில்லை, அப்படியே அனுப்புகிறேன். அப்பா வேண்டாம், பேர்தான் வேண்டும் என்று சொன்னாயே, இப்போது சொல்.

தம்பி


ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

அப்படிச் சொன்னது தப்பு. வாபஸ். நான் இங்கே தனியாக இருந்துகொண்டு, அவர் உன் வீட்டில் இருக்கிறாரே என்ற வயிற்றெரிச்சலில் சொன்னது.

நேற்று ஒப்புதல் வந்தது. கடைசி மெய்ப்பு என் மேஜைக்கு வந்தது. முதலில் எடுத்துக்காட்டையே நீக்கினேன். மத்தியானம் மறுமெய்ப்பில் அது முழுசாகத் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. தட்டச்சு அம்மா சொன்னது சரி.

பிறகு திருத்தச் சீட்டை எடுத்தேன். ‘தந்தை’ என்பதை ‘அயலார்’ என்று படிக்க, என்று எழுதினேன். மை காய்வதற்குள் உன் எதிர்வீட்டுப் பெரியவர் ஞாபகம் வந்தது. போன தடவை என் பெட்டியைப் பஸ் நிறுத்தம் வரை தூக்கிவந்தாரே, அவர்தானே? கேட்பாரில்லை என்கிறாய். அதனால்தான் என்னால் முடியவில்லை. சீட்டைக் கிழித்துவிட்டேன்.

இன்னொரு சீட்டு எடுத்து எழுதினேன்: ‘க-வின் தந்தை’ என்பதை ‘க-வின் மூத்த சகோதரி’ என்று படிக்க. தந்தை உறங்குவதாக இருந்த இடத்தில், ‘சகோதரி தொலைவிலுள்ள தன் ஊரில் இருப்பதாக’ என்று போட்டேன். கமா ஐயா ஒரு கால்புள்ளி கூடுதல் என்றார். அதை எடுத்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அச்சாகிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தேன், அப்படியே நின்றது.

பதறாதே. உன் அக்கா அவ்வளவு முட்டாளில்லை. யோசித்துத்தான் செய்தேன். வெளியே நின்று தட்டுவதற்கு நான் அங்கே வர வேண்டும் அல்லவா? நான் வரவே மாட்டேன். உன் ஊருக்கு, உன் தெருவுக்கு, உன் வாசலுக்கு இனி எப்போதும் வர மாட்டேன். வராதவள் எப்படித் தட்டுவாள்? சட்டம் காத்துக்கொண்டே கிடக்கட்டும்.

அப்பாவைப் பார்க்க முடியாது. அதுதான் இதற்கு விலை. எழுதும்போது தைரியமாகத்தான் இருந்தது, இப்போது இல்லை. அவருக்கு முகம் மழித்துவிடும்போது மோவாய்க்குக் கீழே பார்த்துச் செய், அங்கே ஒரு மரு இருக்கிறது. அவருடைய பழைய விசிலைத் தூக்கிப்போட்டுவிடாதே.

யார் தட்டினாலும் அது நான் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்.

அக்கா


ஜூலை 24

அக்கா,

நீ செய்ததற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் போய்விட்டது.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நாற்காலி போட்டாலும் உட்காருவதில்லை. கதவைப் பார்த்து நின்றுகொண்டே இருக்கிறார். கால் வீங்கிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “அவர் கேக்கறது என்னன்னு பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “ஓசி டிக்கெட் இன்னும் ஏறலையே.”

நேற்று என் கழுத்துச் சாவியைப் பிடித்து இழுத்தார். “நான் இறங்கிப் போய்ப் பாத்துட்டு வரேன்” என்றார்.

உன்னை வரச் சொல்லவில்லை. வராதே. உனக்கு எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. அவ்வளவுதான்.

தம்பி


ஜூலை 28

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

தம்பிக்கு,

வருகிறேன். முப்பத்தொன்றாம் தேதி பிற்பகல் பஸ்ஸில் வந்து இறங்குவேன்.

அப்பா என்னைத் தேடி இறங்கினால், நான் மாற்றி எழுதியதற்கு அர்த்தமே இல்லை. அவரைப் பட்டினி போட்டுவிட்டு நான் இங்கே பத்திரமாக உட்கார்ந்திருக்கவும் முடியாது. போன தடவை நான் புத்திசாலித்தனம் என்று நினைத்தது கோழைத்தனம்.

பயப்படாதே, இதில் ஓட்டை இருக்கிறது. நீ வக்கீல், உனக்கே புரியும். க தப்புவது எதனால்? சகோதரி தொலைவில் இருப்பதாக நல்லெண்ணத்துடன் நம்புவதால். நான் வருவது உனக்குத் தெரிந்துவிட்டால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? நீ க-வே இல்லை. அந்தப் பிரிவு உன்மேல் ஒட்டாது. அதனால்தான் வழக்கம்போல் பொட்டலத்துக்குள் செருகாமல் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். சாதாரணக் கடிதம் அறிவிப்பு ஆகாது. முறைப்படி அறிவிக்கிறேன்: உன் அக்கா வருகிறாள். தட்டுவாள். திற.

உன் ஆபீஸுக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோர்ட் விடுமுறை என்று அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பரவாயில்லை, இது எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

அப்பாவிடம் சொல்லிவை. ஓசி டிக்கெட் ஏறுகிறாள்.

அக்கா


ஆகஸ்ட் 4

அக்கா,

உன் விடுதி முகவரிக்குத்தான் எழுதுகிறேன். வேறு முகவரி எனக்குத் தெரியாது.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் அப்பாவுக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். மனைவி அவள் அம்மா வீட்டில் இருந்தாள். அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். நான் இல்லாத நேரத்தில் தபால்காரர் பதிவுத் தபாலோடு வந்திருக்கிறார். மணி இல்லை. தட்டிப் பார்த்திருக்கிறார். அப்பா உள்ளேயிருந்து, “வண்டி நிக்காது, பின்னாடி வர்றதுல ஏறுங்க” என்றாராம். பதிவுத் தபாலைக் கதவுக்கடியில் தள்ளக் கூடாது, கையெழுத்து வேண்டும். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிற்பகல் மழை பிடித்தது. தகரத்தின் மேல் அப்படியொரு சத்தம். நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. அப்பா கதவருகே நின்றிருந்தார். திடீரென்று என் கையைப் பிடித்தார்.

“பொண்ணு நிக்கிறா. கதவைத் திற.”

“மழைப்பா.”

“ஸ்டாப்புல நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாடா. திற.”

“அக்கா ஊர்ல இருக்காப்பா. வரமாட்டா. எழுதியிருக்கா.”

எனக்கும் கேட்டது, அக்கா. மழைக்கு நடுவில் வேறொரு சத்தம், விட்டு விட்டு. யார் தட்டினாலும் அது நான் இல்லை என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திறந்தால் அப்பா வெளியே போய்விடுவார், அவரைத்தான் அது கேட்கிறது என்று நினைத்தேன். கழுத்துச் சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். அதன் தடம் இன்னும் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. மழை மட்டும் இருந்தது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். அவர் முகம் தெளிந்தது. “ஏறிட்டா” என்றார். பழைய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதிவிட்டு, “போலாம் ரைட்” என்றார். பிறகு உட்கார்ந்து சாப்பாடு கேட்டார். வயிறாரச் சாப்பிட்டார்.

மழை விட்டதும் திறந்தேன். வாசலில் உன் செருப்பு, ஜோடியாக, வீட்டுக்குள் போகிறவர்கள் கழற்றி வைப்பதுபோல் கதவைப் பார்த்து இருந்தது. தெருவில் யாரும் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். ஒரு பெண் இறங்கி இந்தப் பக்கம் நடந்ததாக டீக்கடைக்காரர் சொன்னார். திரும்பிப் போனதைப் பார்க்கவில்லையாம். எதிர்வீட்டுப் பெரியவர் அந்த ஈரத்தில் என்னோடு தெருத் தெருவாக அலைந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உன் ஆபீஸில் கேட்டேன், நீ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். போலீஸில் புகாரை எழுதிக்கொண்டார்கள்.

உன் கடிதத்தை மறுநாள் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். காகிதம் நனையவே இல்லை.

புதுப் பக்கங்களும் வந்துவிட்டன. பிரிவு 14, நீ திருத்தியபடியே. க குற்றவாளி ஆகார் என்று சொல்கிறது. ஆனால் பதிவுத் தபால் விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி, உனக்கும் தெரியும். பதிவு செய்து அனுப்பிய தபால் போய்ச் சேரவேண்டிய நாளில் சேர்ந்ததாகவே கருதப்படும், வாங்க வேண்டியவன் கதவைப் பூட்டியிருந்தாலும். அப்படியானால் நீ வருவது அன்று காலையே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நான் கதவைத் திறக்கவில்லை. கோர்ட்டில் எத்தனை பேரை இந்த வாதத்தால் மடக்கியிருக்கிறேன். எனக்கு எதிராக இதைச் சொல்ல இங்கே ஒரு ஆள் இல்லை. நீயாவது சொல்.

அந்தப் பக்கத்தை நான் தொகுதியில் செருகவில்லை. மேஜை மேல் கிடக்கிறது.

அப்பா நன்றாக இருக்கிறார். இப்போதெல்லாம் உன்னைக் கேட்பதில்லை. சில சமயம் தன் பக்கத்தில் காலியாக இருக்கிற நாற்காலியைப் பார்த்து, “ஜன்னல் ஓரமா உக்காரும்மா” என்கிறார். நான் அந்த நாற்காலியை நகர்த்துவதில்லை.

புதுப் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன். செருப்பு நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. மறுபடி மழை இருட்டிக்கொண்டு வருகிறது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தட்ட வேண்டாம் அக்கா, நேரே உள்ளே வா.

தம்பி